படத்தின் பின்பக்க அட்டைகளைக் கண்காட்சியில் வைக்கலாமா?

பழையபேட்டை பிரேம் கடை
சனி, இரவு 10.20

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 22 ஆண்டுகளாகப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். பத்துக்குப் பதினான்கு அடிக் கடை. சாமி படம், கல்யாணப் படம், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம், எல்லாவற்றையும்விட அதிகமாக இறந்தவர் படம். காலையில் ஒருவர் கண்ணை மூடினால் மதியத்துக்குள் படம் கேட்டு ஆள் வரும். அந்த வேலைக்கு அவசரக் கூலி வாங்குவதில்லை. நான் யார் என்று தெரிந்தால்தான் என் கேள்வி புரியும் என்பதால் இவ்வளவும் சொல்கிறேன். நான் ஓவியன் இல்லை. நேர்கோடு போடவே எனக்கு இரும்பு அளவுகோல் வேண்டும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இரண்டு ஆண்டுகளாகச் சிறிய கலைக்கூடம் ஒன்று நடக்கிறது. பெங்களூரில் படித்துவிட்டு ஊர் திரும்பிய பெண் நடத்துகிறாள். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவள். நான் பாப்பா என்பேன், அவள் மாமா என்பாள். வரும் தை மாதக் கடைசியில் சனி, ஞாயிறு இரண்டு நாள் எங்கள் பேட்டையில் கலை நடை என்று ஒன்றை ஏற்பாடு செய்திருக்கிறாள். கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்துவிடுவார்கள். தையற்கடை, பூட்டிக் கிடக்கும் அச்சகம், ஒரு பழைய வீட்டுத் திண்ணை என்று நடந்து நடந்து பார்த்துக்கொண்டே போக வேண்டியது. கடைசியில் மாங்காய் மண்டி. அங்கேதான் பெரிய கண்காட்சி, ஒன்பது பேருடைய வேலைகள் ஒரே கூரையின் கீழ். சித்திரைக்குப் பிறகு அந்த மண்டிக்குள் ஈ நுழையவும் இடம் இருக்காது. தையில் காலியாகக் கிடக்கும் என்பதால் மண்டிக்காரர் ஒத்துக்கொண்டார். கூடைகளை ஓரம் ஒதுக்கியாயிற்று, வைக்கோல் வாடை மட்டும் போகவில்லை.

அதில் 14 படங்களுக்குச் சட்டம் போடும் வேலை எனக்கு வந்தது. பீடிங், கண்ணாடி, மவுண்ட் எல்லாம் சேர்த்து ஒன்றுக்குச் சராசரி 1,150 ரூபாய். அதில் ஒரு படத்தின் கீழே ஒட்டப்போகும் சீட்டில் 18,000 என்று விலை போட்டிருந்தது. பொறாமை இல்லை. இருந்தாலும் அன்று இரவு சோறு கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கியது.

மாட்டும் உயரத்தில்தான் எனக்கும் பாப்பாவுக்கும் முதல் சண்டை. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலத்தில் வர வேண்டும் என்கிறாள். பார்ப்பவரின் கண் மட்டமாம். நம் வீடுகளில் அப்படியா மாட்டுகிறோம்? நிலைக்கு மேலே, உத்தரத்துக்குக் கீழே, தலைப்பக்கம் முன்னால் சாய்ந்தபடி இருக்கும். கீழே இரண்டு ஆணியில் உட்கார்ந்திருக்கும், மேலே கயிறு பிடித்திருக்கும். தாத்தா நம்மைக் குனிந்து பார்ப்பார், நாம் அண்ணாந்து பார்ப்போம். அந்தச் சாய்வுக்கும் சுவருக்கும் நடுவில் மின் கட்டண அட்டை, சீப்பு, சில வீடுகளில் குருவிக்கூடுகூட இருக்கும். 57 அங்குலத்தில் மாட்டினால் தாத்தா நம்மோடு வரிசையில் நிற்பதுபோல ஆகிவிடும். சரி, பணம் கொடுப்பவள் அவள். 57-இலேயே ஆணி அடித்தேன்.

இனிதான் கேள்விக்கு வருகிறேன். பழைய படத்துக்குச் சட்டம் மாற்றக் கொண்டுவருவார்கள். துரு ஏறிய ஆணிகளைப் பிடுங்கிப் பின்பக்க அட்டையை உரித்தால்தான் படம் வெளியே வரும். புது ஹார்ட்போர்டு போட்டுக் கொடுத்துவிடுவேன். பழைய அட்டை குப்பைக்குப் போக வேண்டியது. நான் போடவில்லை. ஆரம்பத்தில் வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று சேர்த்தேன். எரிவாயு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. இன்று பரணில் மூன்று கோணிப்பையும் ஒரு தகரப் பெட்டியும் நிறைய அட்டைகள். சட்டம் வாங்க வந்த பாப்பா ஒரு பையைப் பிரித்துப் பார்த்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரம். எண்ணிப் பார்த்ததில் 312.

அந்தக் காலத்தில் சட்டம் போட்டவர்கள் கையில் எது கிடைத்ததோ அதை வெட்டிப் பின்னால் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை, சிகரெட் பெட்டி, டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ், வேட்டிப் பெட்டியின் மூடி, தெலுங்குப் பஞ்சாங்கத்தின் அட்டை, உருதுவில் ஏதோ சுவரொட்டி. எங்கள் ஊரில் எல்லா மொழியும் உண்டு, அட்டையிலும் உண்டு. ஒரு பிள்ளை பதினாறாம் வாய்ப்பாட்டை முழுவதும் எழுதி, ஏழு பதினாறு 114 என்று தப்பாகப் போட்டிருக்கிறது. திருப்பதி வெங்கடாசலபதி படத்தின் பின்னால், பெருமாளின் முதுகோடு ஒட்டி, பென்சிலில் ஒரு கடன் கணக்கு. எட்டுப் பேர். ஒரு பெயரை மட்டும் காகிதம் கிழியும் அளவுக்கு மூன்று முறை அடித்திருக்கிறார்கள்.

இவற்றில் நாற்பதைத் தேர்ந்தெடுத்து மண்டியின் நீளச் சுவரில் வைக்க வேண்டும் என்கிறாள் பாப்பா. பத்தாவது கலைஞராக என் பெயரைப் போடுவாளாம். விலையும் போடச் சொல்கிறாள்.

எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. நான் வரையாத, எழுதாத, வாங்கவும் செய்யாத ஒன்றுக்கு என் பெயரை எப்படிப் போடுவது? இவை என்னுடையவையா, படத்தின் சொந்தக்காரர்களுடையவையா? இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேலி செய்பவர்களும் சொல்லலாம், எனக்குப் பழக்கம்தான்.

---

கிளிமூக்கு மாங்காய்
சனி, இரவு 10.41

2019-இல் மயாமியில் மவுரிசியோ கட்டெலன் என்பவர் ஒரு வாழைப்பழத்தை நாடா போட்டுச் சுவரில் ஒட்டினார். 2024-இல் அது 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நீங்கள் மாங்காய் மண்டியிலேயே இருக்கிறீர்கள். அட்டையை விடுங்கள், தையில் ஒரு மாங்காய் கிடைத்தால் ஒட்டிவிடுங்கள்.

---

பழையபேட்டை பிரேம் கடை
சனி, இரவு 10.58

தையில் மாங்காய் கிடைத்தால் அதை ஒட்ட மாட்டேன், ஊறுகாய் போடுவேன்.

---

ஓசூர் ஆணிக்காரன்
ஞாயிறு, காலை 7.15

அண்ணா, நான் ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போய்வந்து கலைக்கூடங்களில் படம் மாட்டும் வேலை செய்பவன். பதினோரு ஆண்டு அனுபவம். ஓவியம் வரையத் தெரியாதவர்களில் நானும் ஒருவன்.

முதலில் 57 அங்குலம். அது சட்டம் இல்லை, ஒரு வழக்கம். எல்லாப் படத்தின் நடுவும் ஒரே கோட்டில் வந்தால் பெரிதும் சிறிதும் கலந்திருந்தாலும் சுவர் ஆடாது, கண் தடுக்காது. சில இடங்களில் 60 வைப்பார்கள். உங்கள் அட்டைகளுக்கு இது எதுவுமே தேவையில்லை என்பது என் எண்ணம். அவை இருந்தது நிலைக்கு மேலே. பாப்பாவிடம் கேட்டு ஒரு நான்கையாவது அந்த உயரத்தில், அந்தச் சாய்வில் மாட்டிப் பாருங்கள்.

தயவுசெய்து பசையோ இரட்டைப்பக்க நாடாவோ போடாதீர்கள். நான்கு மூலைக்கும் காகிதத்தில் முக்கோண உறை மடித்து அதில் செருகுங்கள். பின்னால் அமிலம் இல்லாத காகிதம் வையுங்கள். செய்தித்தாள் கூடவே கூடாது. நீங்களே பார்த்திருப்பீர்கள், செய்தித்தாள் பட்ட படத்தில் டீ கொட்டியதுபோல ஒரு பழுப்பு ஏறியிருக்கும். மலிவான மரக்கூழில் உள்ள அமிலம் அது. பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். கோணிப்பையிலிருந்து எடுக்கும்போது இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பூச்சி போதும், பக்கத்துச் சுவர் ஓவியர் உங்களை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார். பென்சில் எழுத்து உள்ள அட்டைக்கு விளக்கை நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து அடியுங்கள். அழுத்தி எழுதிய பள்ளம் நிழலாகத் தெரியும்.

பெயர் விஷயம். கலைஞர் என்பவர் தாமே செய்ததை மட்டும் வைப்பவர் என்ற கணக்கு 1917-இல் மார்செல் துஷாம்ப் கடையில் வாங்கிய சிறுநீர்க் கழிகலனை அனுப்பியபோதே போய்விட்டது. அவ்வளவு தூரம் எதற்கு, பெங்களூரில் இருக்கும் ஷீலா கௌடா 2009-இல் கார் பம்பர்களையும் மனித முடியைத் திரித்த கயிற்றையும் வைத்து ஒரு பெரிய வேலை செய்தார். வண்டிக்குத் திருஷ்டி படாமல் இருக்க முடிக்கயிறு கட்டுவோமே, அதுதான். நம் நெடுஞ்சாலையில் போகும் லாரியில் பார்ப்பதுதான். பார்த்து, எடுத்து, இப்படி வைக்கலாம் என்று தோன்றியதே வேலை. நீங்கள் 22 ஆண்டு குப்பையில் போடாமல் வைத்திருந்தீர்கள். அது ஒரு வேலை இல்லையா?

விலை போடாதீர்கள். சீட்டில் "விற்பனைக்கு அல்ல" என்று எழுதிவிடுங்கள். விற்றால் கலைக்கூடத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டும், மூன்றில் ஒன்று முதல் பாதி வரை போகும். உங்கள் பாப்பா என்ன விகிதம் வைத்திருக்கிறாளோ தெரியாது. எதுவானாலும் ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எண் போட்டு, இருவரும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் மாதிரிதானே என்று விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த சண்டைகள் எல்லாம் மகள் மாதிரி, அண்ணன் மாதிரி என்று தொடங்கியவைதான்.

---

அதியமான்கோட்டை ஓவிய ஆசிரியர்
ஞாயிறு, காலை 9.30

அரசுப் பள்ளியில் 33 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளிப்படையாகச் சொல்கிறேன், இது கலை இல்லை. எங்கள் ஊர் சென்றாயப் பெருமாள் கோயிலுக்கு வந்து மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். கழுத்து வலிக்க வலிக்க மல்லாந்து கிடந்து ஒருவன் வரைந்திருக்கிறான். அவன் பெயரை யாரும் போடவில்லை. நீர் குப்பையைச் சேர்த்ததற்குப் பெயர் போடலாமா என்று கேட்கிறீர்.

ஆனால் உம் அட்டைகளை எரிக்காமல் விட்டதற்கு என் வணக்கம். அவை ஆவணம். ஆவணத்தை ஆவணமாக வையும். அந்தப் பெண் அழகு பார்த்து நாற்பதைப் பொறுக்கப் போகிறாள். அதை விட்டுவிட்டுக் கால வரிசையில் அடுக்கும். தேதி இல்லையே என்பீர். தேதி இருக்கிறது, பார்க்கத் தெரிய வேண்டும்.

விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், அல்லது பழக்கம் விடாதவர் அடித்தது. "நயா பைசா" என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். கல்யாணப் பத்திரிகையில் "சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா" என்று இருக்கிறதா? அப்படியானால் 1965 அக்டோபர் 2-க்கு முன்னால். அன்றுதான் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. "தருமபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி" என்றிருந்தால் அதற்கும் 2004 பிப்ரவரிக்கும் நடுவில். சென்னை ராஜ்யம் என்றோ மதராஸ் ஸ்டேட் என்றோ இருந்தால் 1969 பொங்கலுக்கு முன். முகவரியில் 635001 இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு, அதற்கு முன் பின்கோடு என்பதே கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேல் எழுத்தைப் பாரும். லை, ளை, னை, ணை இவை தும்பிக்கை தூக்கியதுபோல மேலே கொம்போடு இருக்கிறதா? ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் கீழே சுழித்திருக்கிறதா? இருந்தால் அது பழைய எழுத்து. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு சீர்திருத்த ஆணை போட்டது. சிறிய அச்சகங்கள் ஈய எழுத்தைத் தூக்கிப் போட மனமில்லாமல் பின்னும் சில ஆண்டுகள் அதையே ஓட்டின. அதனால் பழைய எழுத்தை மட்டும் நம்பி ஆண்டு குறிக்க வேண்டாம். இரண்டு அடையாளமாவது பொருந்த வேண்டும். கையெழுத்தில் தும்பிக்கை இருந்தால் எழுதியவர் எந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போனார் என்பதுதான் தெரியும், எழுதிய தேதி தெரியாது. எனக்கு இன்றும் கை தும்பிக்கைதான் போடுகிறது.

இன்னொன்று. காலண்டர் படங்கள் பின்னட்டையாக வந்திருந்தால் கீழ் ஓரத்தைப் பாரும். சி. கொண்டையராஜு என்று இருக்கிறதா என்று. கோவில்பட்டியில் இருந்து வரைந்தவர், 1976-இல் காலமானார். தமிழ்நாட்டில் பாதி வீட்டுப் பூஜை அறைக்கு முகம் கொடுத்தவர். அவர் படத்தை இன்னொரு படத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தால் அந்தப் பிரேம்காரனை நான் சும்மா விட மாட்டேன், உம் அப்பாவாகவே இருந்தாலும்.

---

காவேரிப்பட்டணம் மருமகள்
ஞாயிறு, பகல் 12.05

எல்லா ஆண்களும் பெயர், விலை, ஆண்டு என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் மாமனார் படத்துக்குச் சட்டம் மாற்றியபோது பின்னால் என்ன இருந்தது என்று கடைக்காரர் காட்டவே இல்லை. இதைப் படித்த பிறகு இரவெல்லாம் அதே நினைப்பு. என்ன இருந்திருக்கும்? அந்தக் கடன் கணக்கில் இருக்கும் எட்டுப் பேரும் பக்கத்து ஊர்க்காரர்களாகத்தானே இருப்பார்கள்? அவர்கள் பேரப்பிள்ளைகள் மண்டிக்கு வந்து படித்தால்? பணம் வாங்கினவன் வீட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் வெட்கம் உண்டு அண்ணா. அதை மட்டும் வைக்காதீர்கள்.

---

பர்கூர் குமாஸ்தா
ஞாயிறு, மாலை 4.50

வழக்கறிஞர் இல்லை, வழக்கறிஞரிடம் 19 ஆண்டு குமாஸ்தா. எங்கள் ஐயா சொல்லிக் கேட்டதைச் சொல்கிறேன். முடிவான ஆலோசனைக்கு அவரவர் வக்கீலைப் பார்க்கவும்.

அட்டை என்ற பொருள் வேறு, அதில் எழுதியிருப்பது வேறு. அட்டையை வாடிக்கையாளர் விட்டுவிட்டுப் போனார், திரும்பக் கேட்கவில்லை, உங்களிடம் இருக்கிறது. யாராவது வந்து கேட்டால் கொடுத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். எழுதியதன் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும்தான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் ஆயுளுக்கும் அதற்கு மேல் 60 ஆண்டுக்கும் அது இருக்கும். கடிதம் ஏதும் இருந்தால் கவனம். வாங்கியவருக்குக் காகிதம் சொந்தம், வாசகம் அனுப்பியவருடையது.

அட்டைகளோடு புகைப்படத்தையும் வைக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். காசு கொடுத்துத் தன்னைப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், ஸ்டூடியோக்காரர் இல்லை. பிரிவு 17. பலருக்கு இது தெரியாது, ஸ்டூடியோக்காரர்களுக்கும் தெரியாது.

கடன் கணக்கு பற்றி அந்த அம்மா சொன்னதே சரி. சட்டம் பார்க்கும் முன்பே மனசு சொல்கிறது.

---

பென்னாகரம் கூத்துப்பித்தன்
ஞாயிறு, இரவு 8.22

பாரதம் முடியும் நாளில் துரியோதனனை மண்ணில் ஆள் உயரத்துக்குப் பல மடங்காகக் கிடத்தி, வண்ணம் பூசி, மீசை வைத்து, படுகளம் நடத்துகிறோம். வீமன் வந்து தொடையில் அடித்ததும் கதை முடிந்தது, மண் மண்ணோடு போகிறது. அடுத்த ஆண்டு மறுபடியும் செய்கிறார்கள். செய்தவர் யார் என்று கேட்டால் ஊர் என்பார்கள். நீங்களும் பெயரின் இடத்தில் பழையபேட்டை என்று போட்டுவிட்டுப் போங்களேன்.

---

பழையபேட்டை பிரேம் கடை
இருபத்து மூன்று நாள் கழித்து, செவ்வாய், இரவு 9.10

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா.

ஆசிரியர் ஐயா சொன்னபடி நானும் பாப்பாவும் நான்கு இரவு உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்தோம். தேதி சொல்ல முடிந்தவை 312-இல் 97 மட்டும். "சேலம் ஜில்லா" பதினொன்று கிடைத்தது. ஒன்றில் பெண் வீட்டார் சேலம் ஜில்லா, மாப்பிள்ளை வீட்டார் சித்தூர் ஜில்லா. அணா விலை மூன்று. கொண்டையராஜு ஒன்று கிடைத்தது ஐயா, மன்னிக்கவும். முருகன், வள்ளி, தெய்வானை. பாதியாக வெட்டியதில் தெய்வானை இல்லை. வெட்டியது என் அப்பா இல்லை, அவர் பஸ் கண்டக்டர்.

நாற்பதில் 36 வைத்தோம். கடன் கணக்கு வைக்கவில்லை. அதை உறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். ஓசூர்த் தம்பி சொன்னபடி நான்கை மட்டும் மண்டியின் உத்தரத்துக்குக் கீழே கயிறு கட்டிச் சாய்த்து மாட்டினேன். பாப்பா ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பெயர் இடத்தில் "சேர்த்தவர்" என்று போட்டு என் பெயர். ஊர்ப் பெயர் போடும் யோசனை எனக்குப் பிடித்தது. ஆனால் ஊரில் யாராவது சண்டைக்கு வந்தால் ஊரையா அனுப்ப முடியும்?

சனிக்கிழமை கூட்டம் பரவாயில்லை. பாதிப் பேர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து என் கடைக்கே வந்து மண்டி எங்கே என்று கேட்டார்கள். மண்டியில் பர்கூர்ப் பையன் ஒருவன் கிரானைட் கழிவுப் பலகையைப் பாதி மட்டும் மெருகேற்றி மறுபாதியைக் கரடாகவே விட்டு வைத்திருந்தான். எங்கள் பக்கத்துப் பாரடைசோ கல், சிவப்பும் சாம்பலும் ஆறு மாதிரி ஓடும். தொடாதீர்கள் என்ற அட்டையைப் பார்க்காத பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து வழுக்கின. அந்தப் பையனுக்குச் சந்தோஷம்தான். மல்லப்பாடிப் பாறையில் வெள்ளைக் கோட்டில் குதிரைமேல் சண்டை போடும் இருவர் இருக்கிறார்களே, அவர்களைப் பெரிய துணியில் வரைந்திருந்தார் ஒரு பெண். அவர்களுக்குத் தலைக்கவசம் போட்டுவிட்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, நல்ல குதிரைகள். நான் சட்டம் போட்ட 18,000 ரூபாய்ப் படம் விற்றது. சீட்டின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு வைத்தார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, படத்துக்குத் திருஷ்டிப் பொட்டா என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மாலை ஆறரைக்கு மின்சாரம் போனது. நாற்பது நிமிடம். எல்லாரும் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு சுவரோரமாக நடந்தார்கள். தம்பி, நீங்கள் சொன்ன பக்கவாட்டு வெளிச்சம் தானாகவே வந்துவிட்டது. பகலில் நானே பார்க்காத எழுத்தெல்லாம் எழுந்து வந்தது. வெறும் அட்டை என்று நினைத்த ஒன்றில் யாரோ கையெழுத்துப் போட்டுப் பழகியிருக்கிறார்கள், ஒரே பெயரை இருபது முறைக்கு மேல். கடைசிக் கையெழுத்துகள் கொஞ்சம் நன்றாகவே வந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும். பேத்தியை ஓவியம் காட்ட அழைத்து வந்தவர், வாய்ப்பாட்டு அட்டையின் முன்னால் நின்றுவிட்டார். ஏழு பதினாறு 114 என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னிடம் வந்து, இது என் எழுத்து என்றார். அப்பா படத்துக்குச் சட்டம் மாற்ற என்னிடம் கொடுத்தது அவர்கள் வீடுதான். ஆறோ ஏழோ ஆண்டு இருக்கும். வாய்ப்பாடு தப்பாகச் சொன்னதற்கு அடி வாங்கி, அட்டையில் எழுதிவைத்த நாள் அவருக்கு நினைவிருந்தது. அந்த அட்டை அப்பா படத்துக்குப் பின்னால் போனது மட்டும் தெரியாதாம்.

சிரித்தார். பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம்தான் கோபம் வந்தது. "காசு கொடுத்துத்தானே அட்டை மாற்றினோம்? பழையதை எங்கள் கையில் கொடுத்திருக்க வேண்டாமா? தையற்காரன்கூட மீந்த துணியைக் கொடுக்கிறான்." நான் என்ன சொல்வது? பர்கூர்க்காரர் சொன்னபடி வாதாடவில்லை. அந்த இடத்திலேயே கழற்றிக் கொடுத்தேன். மூலையுறை போட்டிருந்ததால் ஒரு நார்கூடப் பிரியாமல் வந்தது, அதற்கு ஓசூர்த் தம்பிக்கு இன்னொரு நன்றி. வாங்கிக்கொண்டவர் பேனா கேட்டார். எதற்கு என்றேன். 112 என்று திருத்த வேண்டுமாம். பாப்பா பதறிவிட்டாள், வேண்டாம் அத்தை என்று கையைப் பிடிக்கப் போனாள். அவருடைய அட்டை, அவருடைய கணக்கு. நான் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினேன். 114-ஐ அடிக்காமல் பக்கத்தில் 112 என்று எழுதி, தேதியும் போட்டுக்கொண்டு போனார். பேத்திக்கு மற்ற படங்களைக் காட்டவே இல்லை.

காவேரிப்பட்டணம் அம்மா, உங்கள் மாமனார் படம் எந்தக் கடையில் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். என் கடை என்றால் மிச்சம் 275 இருக்கிறது, கடன் கணக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. தேடிப் பார்க்கலாம்.

அந்த ஞாயிறு முதல் சட்டம் மாற்ற வருபவர்களிடம் பழைய அட்டை வேண்டுமா என்று கேட்கிறேன். பெரும்பாலும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். நேற்று மத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. செய்தித்தாளில் சுற்றப் போனவன், ஓசூர்த் தம்பி நினைவு வந்து வெள்ளைக் காகிதம் எடுத்துச் சுற்றிக் கொடுத்தேன்.